கொல்லை மரத்தை யார் வெட்டுவது?

2008 மே 2 இரவு யாங்கோனில் நிம்மதியாகத் தூங்கியவர்கள் குறைவு. இராவதி டெல்டாவில் கரையேறிய நர்கீஸ் புயல், மறுநாள் முற்பகல்வரை நகரத்தைப் போட்டு உலுக்கியது. காற்று ஓய்ந்து வெளியே வந்தவர்களுக்குத் தெருவே அடையாளம் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக நிழல் தந்த தூங்குமூஞ்சி மரங்கள் வேரும் மண்ணுமாகப் பெயர்ந்து, சாலைக்குக் குறுக்கே கிடந்தன. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக அந்தப் புயல் கொண்டுபோனது ஏறக்குறைய 1,38,000 பேரை. அதில் மிகப் பெரும்பகுதி டெல்டாவில் கடல் உள்ளே புகுந்ததால் நேர்ந்தது. யாங்கோன் நகருக்குள் கூரையை நொறுக்கியதிலும் கம்பியை அறுத்ததிலும் வழியை அடைத்ததிலும் மரங்களுக்குப் பெரும் பங்கு. பல நாள் கரண்டு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. புத்த துறவிகளும் அக்கம்பக்கத்தாரும் கோடரியும் கைவாளுமாக இறங்கித்தான் பல தெருக்களில் வழி உண்டாக்கினார்கள்.

எட்டு ஆண்டு கழித்து, 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னையில் இதையே காட்டியது. ஒரே நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. இரண்டு ஊரிலும் ஏராளமான மரங்கள் முறியவில்லை, பெயர்ந்தன. மழையில் ஊறி இளகிய மண், சிமென்ட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவே பரவ இடமில்லாத வேர், மேலே காற்றைப் பாய்மரம்போல் வாங்கும் அடர்ந்த தலை. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நல்ல மரமும் நிற்காது.

அதனால்தான் தண்ணீர்த் திருவிழா முடிந்து ஏப்ரல் கடைசியில் மேகம் திரளும்போது, யாங்கோன் வீடுகளில் கொல்லைப்பக்க மரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு பேச்சு எழும். ஆளைக் கூப்பிடலாமா, ஒரு வாளை வாங்கி வந்து நாமே முடித்துவிடலாமா? கூலி மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் வாளைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் செய்யவேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் செய்தால், பாதிப் பேருக்கு மரத்தை வெட்டவே தேவையில்லை என்று தெரியவரும். மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு அது தங்கள் கையால் செய்யக்கூடிய வேலை இல்லை என்று தெரியும்.

மரத்தைச் சுற்றி வருவது

முதல் வேலை தூரிலிருந்து தொடங்குகிறது. எல்லாரும் மேலே பார்ப்பார்கள். மரம் தன் நோயைக் கீழேதான் முதலில் சொல்லும். அடிமரத்தைச் சுற்றியுள்ள மண்ணில் புதிதாக வெடிப்பு ஓடுகிறதா? ஒரு பக்கம் மண் மேலெழும்பி நிற்கிறதா? மரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் மண் தூக்கியிருந்தால் வேர் பிடியை விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இது காத்திருக்கக்கூடிய சங்கதி இல்லை. நெடுங்காலமாகச் சாய்ந்தே வளர்ந்த மரம் வேறு. அதன் நுனி பிறகு நிமிர்ந்து வளைந்திருக்கும், சாய்வுக்கேற்ப வேரும் பருத்திருக்கும். போன மழைக்கு நேராக நின்று இந்த மழைக்குச் சாய்ந்திருப்பதுதான் ஆபத்து.

அடுத்து காளான். தூரிலோ வேரிலோ தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே மரம் மக்குகிறது. இலை பச்சையாக இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது, ஏனென்றால் நீரேற்றும் பகுதி பட்டையை ஒட்டி இருக்கிறது. நடுமரம் மக்கிய பிறகும் தலை பசுமையாகவே இருக்கும். ஒரு மரச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டினால் கெட்டியான இடம் ஒரு சத்தமும் பொந்தான இடம் ஒரு சத்தமும் தரும். பொந்து இருந்தாலே மரம் விழும் என்றும் இல்லை. குழாய்போல் உள்ளே வெறுமையான மரம் நூறாண்டு நிற்பதுண்டு. ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக் சொன்ன அளவு உலகெங்கும் புழங்குகிறது: சுற்றிலும் மிஞ்சியுள்ள நல்ல மரத்தின் கனம், அடிமர ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் குறைந்தால் கவலைப்பட வேண்டும். அடிமரத்தின் குறுக்களவு 60 சென்டிமீட்டர் என்றால் ஆரம் 30. நல்ல மரம் சுற்றிலும் 10 சென்டிமீட்டராவது வேண்டும்.

பிறகு கவை. இரண்டு தண்டுகள் ஒரே பருமனில் ‘வி’ போலக் குறுகிப் பிரிந்து, நடுவில் பட்டை உள்நோக்கி மடிந்திருந்தால் காற்றில் பிளக்கும் இடம் அதுதான். அகன்று பிரியும் கவை வலுவானது.

தென்னைக்குத் தனிக் கணக்கு. குருத்து பட்டுப்போன தென்னை நாளடைவில் மேலிருந்து கீழாக இற்றுக்கொண்டே வரும். ஏறுகிறவரின் கைக்குக் கெட்டியாகத் தெரிகிற இடம் அடுத்த இரண்டு அடியில் பொடியாக இருக்கலாம். பட்டுப்போன தென்னையில் யாரையும் ஏற்றக்கூடாது, எவ்வளவு தேர்ந்த ஆளாக இருந்தாலும். முருங்கையும் அப்படித்தான். அதன் கிளை ஆள் எடை தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும் என்பது தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே தெரிந்த விஷயம்.

விழுந்தால் எதன்மேல்?

ஆபத்து என்பது மரத்தில் மட்டும் இல்லை, அதன் கீழே என்ன இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. யாரும் போகாத காலிமனையில் பட்ட மரம் நிற்கலாம், பறவைக்காவது உதவும். அதே மரம் பிள்ளைகள் படுக்கும் அறைக்கு மேல் நின்றால் ஒரு வாரம்கூட விடமுடியாது.

இதற்கு மரத்தின் உயரம் தெரியவேண்டும். ஒரு குச்சியை எடுத்து, கையை முழுக்க நீட்டி, கண்ணுக்கும் முட்டிக்கும் உள்ள தூரமே முட்டிக்கு மேல் குச்சி நீளமாக இருக்கும்படி நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். அப்படியே பின்னால் நடந்து போகவேண்டும். முட்டிக்கு நேராக மரத்தின் அடியும் குச்சி நுனிக்கு நேராக மரத்தின் நுனியும் தெரிகிற இடத்தில் நின்று, அங்கிருந்து மரம்வரை அடியளந்தால் அதுதான் ஏறக்குறைய மரத்தின் உயரம். வெட்டும்போது அந்த உயரத்தைப்போல் இரண்டு மடங்கு வட்டத்துக்குள் வெட்டுகிறவரைத் தவிர யாரும் நிற்கக்கூடாது.

இங்கேதான் யாங்கோன் வீட்டுக்காரர்களில் பெரும்பாலோரின் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. இந்த ஊரில் வீட்டுமனை என்றால் 40-க்கு 60 அடி, இல்லாவிட்டால் 20-க்கு 60 அடி. அதில் வீடும் கிணறும் போக எஞ்சுவது சிறு துண்டு. 45 அடி மாமரத்தை அடியோடு அறுத்துச் சாய்க்க அங்கே இடமே கிடையாது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சொந்தக் கூரை, அடுத்த வீட்டுக் கூரை, அல்லது தெருக் கம்பி. அதனால் மேலேறித் துண்டு துண்டாகக் கழித்துக் கயிற்றில் இறக்கவேண்டும். அது பழகியவர்களின் வேலை.

துண்டு துண்டாக என்றால் லேசு என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஒரு டன்னை ஒட்டி எடை இருக்கும். ஒரு அடி பருமனும் பத்தடி நீளமும் உள்ள கிளை 200 கிலோவுக்கு மேல் வரும். ஏணியில் நிற்கிற மனிதர், ஒரு கையில் வாளும் ஒரு கையில் கிளையுமாக, 200 கிலோவை எதைக்கொண்டு பிடிப்பார்? அறுந்த கிளை நேரே கீழே விழாது. தொங்கி, ஊசலாடி, ஏணியைத் தட்டிவிட்டுத்தான் விழும்.

கம்பி

இதைத் தனியாகச் சொல்லவேண்டும். கிளை மின்கம்பியைத் தொட்டாலோ, கம்பியிலிருந்து பத்தடிக்குள் இருந்தாலோ வீட்டுக்காரரும் தொடக்கூடாது, கூலிக்கு வரும் ஆளும் தொடக்கூடாது. யாங்கோன் மின்விநியோகக் கழகத்தின் டவுன்ஷிப் அலுவலகத்தில் சொல்லி லைன் ஆட்களை வரவழைக்கவேண்டும். தெருக் கம்பத்தின் உச்சியில் ஓடும் 11 கிலோவோல்ட் கம்பியைத் தொட்டால்தான் அடிக்கும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே பாயும். மழை நனைத்த கிளையும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும்.

யாங்கோனுக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. முறை வைத்துக் கரண்டு விடும் ஊர் இது. ‘இப்போது கரண்டு இல்லை, அதற்குள் வெட்டிவிடலாம்’ என்று தோன்றும். முறை நேரம் மாறி எந்த நிமிடமும் கரண்டு வரலாம். அது வராவிட்டாலும், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைச் சரியாக இணைக்காமல் ஓட்டினால் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குள் திரும்பி வரும். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போனால் உயர் அழுத்தமாகவே மாறி நிற்கும். லைன் ஆட்கள் துண்டித்து, மண்கம்பி போட்டபிறகுதான் அந்தக் கம்பி செத்த கம்பி.

கேட்கவேண்டிய இடங்கள்

வேலிக்கு வெளியே, தெருவோரம் நிற்கும் மரம் வீட்டுக்காரருடையது இல்லை. அது யாங்கோன் மாநகர வளர்ச்சிக் குழுவின் பொறுப்பு. அங்கேதான் எழுதிக் கொடுக்கவேண்டும். சொந்தக் கொல்லை மரமானாலும் வார்டு அலுவலகத்திலும் மாநகரக் குழுவின் டவுன்ஷிப் அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. படம் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு எளிதாக முடியும். தேக்கு என்றால் கூடுதல் கவனம். மியன்மாவின் 1992 வனச் சட்டம், தேக்கு எங்கே நின்றாலும் அரசின் சொத்து என்றது. 2018-இல் வந்த புதிய சட்டம் தனியார் வளர்க்கும் தேக்குக்கு இடம் தந்திருக்கிறது. ஆனாலும் வனத்துறையைக் கேட்காமல் கொல்லைத் தேக்கில் கை வைப்பது வம்பு.

அரசமரமோ ஆலமரமோ என்றால் சட்டத்துக்கு முன்னால் மனிதர்களைப் பார்க்கவேண்டும். பர்மியர்கள் பெரிய மரத்தில் ‘யொக்கசோ’ என்கிற காவல் தெய்வம் குடியிருப்பதாக நம்புகிறார்கள். முனியும் காளியும் மரத்தடியில் இருப்பதை அறிந்த தமிழர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தெருப் பெரியவர்களிடம் சொல்லி, அவர்கள் வழக்கப்படி படைத்துவிட்டுச் செய்தால் வேலையும் நடக்கும், உறவும் கெடாது.

வெட்டாமல் தீர்ப்பது

பல மரங்களுக்குக் கழிப்பதே போதும். பட்ட கிளைகளையும் கூரைக்கு மேல் நீண்டவற்றையும் எடுத்து, அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்தால் காற்று தலைக்குள் புகுந்து போகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உலர்ந்த மாதங்கள் இதற்கு ஏற்றவை. மே நடுவில் மழை இறங்கியபின் மரமும் ஏணியும் வழுக்கும். தலையை மொட்டையடிப்பது மட்டும் கூடாது. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் பட்டையோடு மட்டுமே ஒட்டியிருக்கும். நான்கைந்து மழைக்குள் அவை பருத்து, முன்பிருந்ததைவிட எளிதாகப் பிய்ந்து விழும்.

தரையில் நின்று எட்டும் கிளையை வீட்டுக்காரரே கழிக்கலாம். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழிருந்து கால்வாசி அறுக்கவேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிஞ்சிய குட்டையை, கிளை புறப்படும் இடத்திலுள்ள வீங்கிய வளையத்துக்கு வெளியே நறுக்கவேண்டும். அந்த வளையம்தான் காயத்தை மூடும்.

எது சொந்தக் கைக்கு அடங்கும்?

பதினைந்து அடிக்கு உட்பட்ட, ஆறு அங்குலத்துக்கு மேல் பருக்காத, நேராக நிற்கும், உள்ளே மக்காத மரம். சுற்றிலும் முப்பது அடிக்குக் கூரையோ கம்பியோ சுவரோ இல்லாத இடம். இந்த இரண்டும் ஒன்றாக அமைந்தால் ஒரு கைவாளோடு செய்யலாம்: கறிவேப்பிலை, கொய்யா, இளம் வேம்பு, பப்பாளி. வாழையைச் சொல்லவே வேண்டாம். இதில் ஒன்று குறைந்தாலும் ஆளைக் கூப்பிடவேண்டும்.

செய்கிறவர் முதலில் ஓடும் வழியைச் சுத்தம் செய்யவேண்டும். விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக்கூடாது, அடிமரம் எகிறிப் பின்னால் வரும். பின்னுக்குச் சாய்வாக, பக்கவாட்டில் விலகவேண்டும். விழவேண்டிய பக்கத்தில் தர்ப்பூசணிக் கீற்றுபோல் ஒரு வாயை, பருமனில் கால்வாசி ஆழத்துக்கு வெட்டவேண்டும். எதிர்ப்பக்கம், வாயின் அடிமட்டத்துக்கு ஒரு விரல் மேலே, கிடையாக அறுத்துக்கொண்டு வரவேண்டும். முழுக்க அறுக்கக்கூடாது. நடுவில் பருமனில் பத்தில் ஒரு பங்கு மரம் கீல்போல் மிஞ்சவேண்டும். கதவைக் கீல் பிடித்துத் திருப்புவதுபோல அது மரத்தைச் சொன்ன பக்கம் சாய்க்கும். கீலையும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். சாய்ந்த மரத்தில் இதைச் செய்யக்கூடாது. பாதி அறுக்கும்போதே தண்டு நெடுகப் பிளந்து, மேலே எழும்பி முகத்தில் அடிக்கும். செயின் ரம்பத்தை வாடகைக்கு எடுத்து முதல்முறை பழகுவதற்குக் கொல்லை மரம் ஏற்ற இடமில்லை. ஏணிமேல் நின்று அதை ஓட்டுவது யாருக்குமே ஆகாது.

ஆள் வைக்கிறவர்கள் கூலியைக் கேட்பதற்கு முன் கயிற்றைப் பார்க்கவேண்டும். இடுப்புக்குக் கயிறு உண்டா, கிளையை இறக்கத் தனிக் கயிறு உண்டா, கீழே நிற்க இன்னொரு ஆள் உண்டா? ‘பழக்கம்தான், கயிறு வேண்டாம்’ என்று சொல்லும் ஆளை வைக்காமல் இருப்பது அவருக்கும் அவர் வீட்டுக்கும் செய்யும் நன்மை. கட்டையை யார் எடுப்பது, அடிக்கட்டையைத் தோண்டுவதும் சேர்த்தா என்பதை முன்பே பேசிக்கொள்ளவேண்டும்.

கடைசியாக, ஏற்கெனவே விழுந்துவிட்ட மரம். நர்கீசுக்குப் பிறகு யாங்கோன் முழுக்கக் கிடந்தது இந்த வகைதான். பார்ப்பதற்குச் செத்ததுபோல் கிடந்தாலும் அதற்குள் விசை இருக்கிறது. அழுந்திய கிளை வில்லாக வளைந்திருக்கும், அறுத்ததும் விசிறியடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்துவிட்டால், டன் கணக்கான வேர்மண்ணின் பாரம் அடித்தூரை மறுபடி நிமிர்த்திக் குழிக்குள் உட்காரவைத்துவிடலாம். அந்தக் குழிதான் பிள்ளைகள் ஆசையாக இறங்கி விளையாடும் இடம். புயல் ஓய்ந்ததும் வாளைத் தேடுவதற்கு முன், வீட்டிலுள்ள பிள்ளைகளை அந்தக் குழியிலிருந்து மேலே அழைத்துக்கொள்ளுங்கள்.