எத்தனை நாள் காத்திருப்பது?

கேள்வி: நானும் என் தோழியும் பல வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம். அவளுக்கு ஆபரேஷன் என்றபோது சம்மதப் படிவத்தில் என் கையெழுத்தை ஏற்கவில்லை. பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணனைத் தேடிப்பிடிக்க வேண்டியதாயிற்று. எங்கள் கல்யாணத்தைச் சட்டம் எப்போது ஏற்கும்?
- பெயர் வேண்டாம், பொம்மையார்பாளையம்.

பதில்: படித்ததும் மனசு கொதித்தது, சகோதரி. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவரின் திருமணத்தை ஏற்பது சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் முடிவு செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டது. அப்படியானால் அவர்கள் இன்றே செய்யட்டும்!

தமிழ்நாட்டுக்கு இது புதிய வேலையும் அல்ல. புரோகிதரும் சடங்கும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன காலம் உண்டு. 1967-இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, அதற்கு முன்பே நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. திருமணம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே சட்டம் செய்ய முடியும். குறைந்தபட்சம், சேர்ந்து வாழ்பவர்கள் தங்கள் உறவைப் பதிவு செய்ய ஒரு ஏற்பாடு செய்யலாமே என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரிலேயே மாநில அரசுக்கு யோசனை சொன்னார். அதற்குக்கூடத் தயக்கம் எதற்கு?

அதுவரை இருவரும் உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கில் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகமே தெளிவுபடுத்தியிருக்கிறது. நீங்கள் வெளியே வந்து பேச வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் இந்த வாரமே கடிதம் போடுங்கள்.