வரைபடம் வரையக் கற்றுக்கொள்வோம்



நம் சங்கக் குழந்தைகள் நடத்திய அறிவியல் கண்காட்சியைப் பார்க்கப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இடுக்கி மாவட்டத்து அணைகளைப் பற்றிப் பெரிய அட்டையில் பட்டை வரைபடம் வரைந்து மாட்டியிருந்தாள். முல்லைப்பெரியாறு 142 அடி, இடுக்கி 2403 அடி. கோடுகள் நேர்த்தியாக இருந்தன, வண்ணமும் அழகாக இருந்தது. இடுக்கியின் பட்டை அட்டையின் உச்சியைத் தொட்டது. முல்லைப்பெரியாறு அதன் காலடியில் விரல் உயரத்துக்கு நின்றது. அதைப் பார்த்த பெரியவர் ஒருவர், "இத்துனூண்டு அணைக்கா இத்தனை சண்டை?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் எழுதிய இரண்டு எண்களும் சரியானவை. அவற்றை வைத்து வரைந்த படமோ முழுத் தவறு. இடுக்கியின் 2403 அடி என்பது கடல் மட்டத்திலிருந்து எடுத்த அளவு. முல்லைப்பெரியாற்றின் 142 அடி என்பது அணையடியில், ஆற்றுப் படுகையை ஒட்டிய மட்டத்திலிருந்து எடுத்த அளவு. இரண்டும் அடிக்கணக்குதான் என்றாலும் பூஜ்யம் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. உண்மையில் முல்லைப்பெரியாறுதான் மேலே உள்ளது. அங்கே நிரம்பி வழியும் தண்ணீர் இடுக்கி நீர்த்தேக்கத்துக்குத்தான் இறங்கி வருகிறது. மேலே இருப்பதைக் கீழே காட்டிவிட்டது அந்தப் படம்.

நம்மைப் போல எல்லையோரத்தில் வாழும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2011 டிசம்பரில் குமுளி, கம்பம் பகுதிகளில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். போக்குவரத்து நின்றது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல பயந்துபோய் மலையிறங்கின. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு எண்ணைச் சரியாகக் காட்டுவதும் தவறாகக் காட்டுவதும் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதையே மாற்றிவிடும். ரயில்வேயில் டிப்ளமோ எஞ்சினியராகச் சேர்ந்து, பாதைப் பராமரிப்பிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில் கற்றவற்றைச் சில பாடங்களாகச் சொல்கிறேன்.

முதல் பாடம்: யார், எதற்காகப் பார்க்கிறார்?

வேலையில் சேர்ந்த புதிதில், மலையோரப் பகுதி ஒன்றில் ரயில்பாதையின் மண்கரை மழையில் அமுங்கிக்கொண்டிருந்தது. தினமும் அளந்து குறித்தேன். என் உழைப்பெல்லாம் தெரியவேண்டும் என்ற ஆசையில் மழையளவு, அமுங்கிய அளவு, கொட்டிய ஜல்லி, வேலைக்கு வந்த ஆட்கள் என எல்லாவற்றையும் ஒரே தாளில் ஐந்து வண்ணத்தில் வரைந்து எடுத்துப் போனேன். மேலதிகாரி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "நல்லா வரைஞ்சிருக்கே தம்பி. இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவே மறுபடி வரைந்தேன். கிடை அச்சில் தேதி, செங்குத்து அச்சில் அமுங்கிய மில்லிமீட்டர், இதற்கு மேல் போனால் ஆபத்து என்று குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான். காலையில் அதைப் பார்த்த மறு நிமிடம், அந்த இடத்தில் ரயில்களின் வேகத்தைக் குறைக்க உத்தரவு போட்டார். முந்தைய தாளிலும் இதே எண்கள்தான் இருந்தன. ஆனால் அவை கூட்டத்தில் ஒளிந்துகிடந்தன. ஒரு படம் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். இரண்டு கேள்வி இருந்தால் இரண்டு படம் வரையுங்கள்.

இரண்டாம் பாடம்: பூஜ்யம் எங்கே?

பட்டை வரைபடத்தில் நம் கண் பட்டையின் நீளத்தை ஒப்பிடுகிறது. ஆகவே பட்டை பொருளுள்ள ஒரு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

முல்லைப்பெரியாற்றையே எடுத்துக்கொள்வோம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. இப்போது 136, 142 என்ற இரண்டு பட்டைகளை வரையுங்கள்.

அச்சை 130இல் தொடங்கினால் ஒன்று 6 அடி, மற்றது 12 அடி. தண்ணீர் இரு மடங்கானதுபோலத் தோன்றும்; பார்ப்பவர் பயப்படுவார். பூஜ்யத்தில் தொடங்கினால் வித்தியாசம் நூற்றுக்கு நாலரைதான். இதற்கா இத்தனை வழக்கு என்று தோன்றும். ஆனால் 104 அடிக்கு மேல் உள்ள தண்ணீரைத்தான் சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் எடுக்க முடியும். ஆகவே தேனி, மதுரை விவசாயியின் கேள்விக்குப் பூஜ்யம் 104தான். அங்கிருந்து அளந்தால் 32 அடி, 38 அடி. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

இதுவும் முழு உண்மை ஆகாது. நீர்த்தேக்கம் கிண்ணம் போன்றது, மேலே போகப் போக அகலும். மேலே உள்ள ஓர் அடியில் கீழே உள்ள ஓர் அடியைவிட அதிகத் தண்ணீர் நிற்கும். எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கேள்வி என்றால் அடியை விட்டுவிட்டு கன அடிக் கணக்கில், அதாவது டி.எம்.சி.யில் வரையவேண்டும்.

நீர்மட்டம் நாளுக்கு நாள் எப்படி ஏறுகிறது என்பது கேள்வியானால் பட்டை வேண்டாம், கோட்டு வரைபடம் போதும். அதில் அச்சைப் பூஜ்யத்தில் தொடங்கவேண்டிய கட்டாயம் இல்லை. 2018 ஆகஸ்டில் இடுக்கி அணை நிரம்பிச் செறுதோணி ஷட்டர் திறக்கப்பட்டதே, அந்த நாட்களைக் கடல் மட்டத்திலிருந்து வரைந்தால் கோடு நேராகக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. 2380க்கு மேல் வரைந்து, 2403இல் ஒரு எல்லைக்கோடு போட்டு, அச்சு எங்கே தொடங்குகிறது என்பதைப் பெரிதாக எழுதிவிட்டால் நேர்மையான படமாகும்.

மூன்றாம் பாடம்: ரயில்வேயின் பழைய வரைபடம்

நல்ல வரைபடத்துக்கு நான் கண்ட சிறந்த உதாரணம், ரயில்வே கண்ட்ரோல் அலுவலகத்துச் சார்ட். பிரெஞ்சு அறிஞர் மாரே 1885இல் வெளியிட்ட நூலில், பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே ஓடிய ரயில்களின் இதுபோன்ற படம் இருக்கிறது. கிடையாக நேரம், செங்குத்தாக ஸ்டேஷன்கள்.

பாலக்காடு - பொள்ளாச்சிப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 2015இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்ட ஒற்றைப் பாதை அது. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம், ஆனைமலை ரோடு என்று ஸ்டேஷன்களை அவற்றின் தூரத்துக்கு ஏற்ற இடைவெளியில் குறிக்கவேண்டும். ஒரு ரயில் ஒரு சாய்வுக் கோடு. கோடு செங்குத்தாக நிமிர்ந்தால் வேகம் அதிகம். படுத்துக்கிடந்தால் ரயில் நிற்கிறது. எதிரெதிரே வரும் இரு கோடுகள் வெட்டும் இடமே கிராசிங். அந்த வெட்டு ஒரு ஸ்டேஷன் கோட்டின்மேல் விழவேண்டும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே விழுந்தால் அந்தத் திட்டம் நடக்காது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். நேர அட்டவணையில் இதே எண்களை எத்தனை முறை படித்தாலும் அது கண்ணில் படாது. எண்களில் மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவதுதான் வரைபடத்தின் வேலை.

நான்காம் பாடம்: வண்ணத்தை மட்டும் நம்பாதீர்கள்

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், எல்லா ஊரிலும் உண்டு. ரயில்வேயில் பலருக்கு வேலையில் சேரும்போதே கண் பரிசோதனை வைப்பது இதற்காகத்தான். அப்படியும் சிக்னல் வண்ணத்தை மட்டும் நம்பவில்லை. மூன்று விளக்குச் சிக்னலில் பச்சை மேலே, மஞ்சள் நடுவே, சிவப்பு கீழே. பழைய கைகாட்டி மரத்தில் கை இருக்கும் நிலையே செய்தியைச் சொல்லும். நீங்களும் ஒரு கோட்டை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். ஜெராக்ஸ் எடுத்தாலும் புரியவேண்டும்.

பெயரைக் கோட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள். ஓரத்தில் ஒரு பெட்டி போட்டு, சிவப்பு இது, நீலம் அது என்று விளக்கினால் கண் அங்குமிங்கும் ஓடிக் களைத்துப்போகும். பாதையின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் பலகையை ரயில்வே அந்த ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே நடுகிறது, ஆபீஸ் சுவரில் மாட்டுவதில்லை.

இன்னொன்று. வட்ட வரைபடத்தை அளவோடு பயன்படுத்துங்கள். 1984இல் கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, ஒரே அச்சில் உள்ள இடங்களை மனிதர்கள் சரியாக ஒப்பிட்டார்கள். கோணங்களை ஒப்பிடுவதில் அதிகம் தவறினார்கள். மூன்று நான்கு துண்டுக்கு மேல் போனால் பட்டையே நல்லது.

வரைந்து முடித்தபின்

தலைப்பு, அலகு, தேதி, எண்கள் கிடைத்த இடம் ஆகிய நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டி, "இதிலிருந்து உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். நீங்கள் வாய் திறந்து விளக்கவேண்டி வந்தால் படத்தில் குறை இருக்கிறது.

அந்த மாணவியிடம் பூஜ்ய விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடிவிடுமோ என்று பயந்தேன். அவளோ, "அப்ப ரெண்டையும் கடல் மட்டத்திலிருந்தே போட்டுடலாமா தாத்தா?" என்று கேட்டாள். என் நாற்பது வருட சர்வீஸில் கேட்ட நல்ல கேள்விகளில் அதுவும் ஒன்று.

பயிற்சி: செய்தித்தாளில் தினமும் வரும் அணை நீர்மட்டத்தை ஒரு மாதம் குறித்து, கோட்டு வரைபடம் வரையுங்கள். பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். வீட்டில் அம்மாவிடமும், பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியிடமும் காட்டுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் உங்களுக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண்.