மீன் எண்ணெய் மாத்திரை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரைகளில் சில வீச்சம் அடிக்கின்றன. நல்லதைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

பதில்: காரணம் அந்த எண்ணெயின் இயல்பிலேயே இருக்கிறது. இதயத்துக்கு நல்லது என்று நாம் தேடும் ஒமேகா-3, காற்றும் வெப்பமும் வெளிச்சமும் பட்டால் மிக எளிதில் கெட்டுவிடும். பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்திலி இன மீன்களிலிருந்து உலகச் சந்தைக்கான எண்ணெயில் கணிசமான பங்கு வருகிறது. ஆலை, கப்பல், கிடங்கு, கடை என்று அது கடக்கும் தூரத்தில் எங்கு வேண்டுமானாலும் கெடலாம். கெட்டாலும் மாத்திரையின் உறை நாற்றத்தை மறைத்துவிடும். எலுமிச்சை வாசனை சேர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அளவிலும் கவனம் தேவை. '1000 மில்லிகிராம்' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது மொத்த எண்ணெயின் எடை. சாதாரண மாத்திரையில் ஒமேகா-3 வகைகளான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மில்லிகிராம்தான் நமக்கு வேண்டிய சரக்கு. பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். விலையை அந்த 300-ஐ வைத்தே ஒப்பிடுங்கள். இதைப் பொடி எழுத்தில் ஒளிப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

வாசனை சேர்க்காத, சிறிய புட்டியாக வாங்கி, ஒரு மாத்திரையை வெட்டி முகருங்கள். லேசான மீன் வாடை இருக்கலாம். பழைய பெயின்ட் போல நெடி வந்தால் தூக்கி எறியுங்கள். மீன் சாப்பிடுகிறவர் என்றால் மாத்திரைக்குப் பதில் வாரம் இருமுறை மத்தியோ அயிலையோ குழம்பு வையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையைத் தொடங்க வேண்டாம்.