சர்வர் ஏன் திணறுகிறது? – எண்ணிப் பார்க்க ஒரு பாடம்

'சர்வர் ஸ்லோ.' ரேஷன் கடையில், வங்கியில், இ-சேவை மையத்தில் என்று நாள்தோறும் காதில் விழும் சொல். எங்கள் மரக்காணம் பகுதியில் உப்பளத்துக்குப் போகும் ஒரு தாய், மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து மையத்தில் உட்காருகிறார். 'சர்வர் ஸ்லோ, நாளைக்கு வாங்கம்மா' என்றால் அவருக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. இதை அவர் மழை, புயல் போல எடுத்துக்கொள்கிறார். நம் மாணவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது எண்ணிக் கணக்கிடக்கூடிய ஒன்று. மேல்நிலைக் கணினி வகுப்புக்கு மட்டுமல்ல, எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கும் இதில் வேலை இருக்கிறது.

எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த பழைய கணினி ஒன்று உண்டு. நினைவகம் 4 ஜிபி, உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க். அதில் உபுண்டு, அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் ஆகியவற்றை நிறுவி, அவற்றின்மேல் மூடில் மென்பொருளை ஏற்றினோம். மூடில் என்பது ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002இல் வெளிவந்த இலவசக் கற்றல் மென்பொருள். வேறு எதற்கும் பயன்படுத்தாமல் இந்த ஒரே வேலைக்கென்று ஒதுக்கிய கணினி. டெடிகேட்டட் சர்வர் என்பார்களே, அதுதான். ஐந்து பேர் தேர்வு எழுதினால் நன்றாக ஓடியது. இருபது பேர் உட்கார்ந்தால் ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

முப்பது நிமிடத் தேர்வில் கடைசி வரிசையில் இருந்தவர்கள் இருபது வினாவில் ஆறைத்தான் பார்த்திருந்தார்கள். அவர்களில் ஒருவன், தாளில் கொடுத்தால் அத்தனையும் போட்டுவிடுகிறவன், 'எனக்குக் கம்ப்யூட்டர் வராது சார்' என்றான். இயந்திரத்தின் தாமதம் மதிப்பெண்ணாக மாறிப் பிள்ளையின் பெயருக்கு நேரே விழுந்துவிடுகிறது. சர்வரைச் சரிசெய்வதையே பாடமாக்கியதற்குக் காரணம் இதுதான்.

'புது கம்ப்யூட்டர் வாங்கிடலாம் சார்' என்பதுதான் வகுப்பில் வந்த முதல் யோசனை. அளந்து பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்கினோம். ஒரு சர்வர் திணறக்கூடிய இடங்கள் நான்கு: செயலி, நினைவகம், டிஸ்க், நெட்வொர்க். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் முட்டுக்கட்டையாக இருக்கும். மற்ற மூன்றையும் எவ்வளவு மேம்படுத்தினாலும் அந்த ஒன்று இருக்கும்வரை வேகம் கூடாது.

கணினியைத் திறந்து துடைப்பது எங்கள் ஊரில் கட்டாயம். உப்புக் காற்றில் உலோக இணைப்புகள் சீக்கிரம் பாசி பிடிக்கும். விசிறியில் தூசி அடைத்துச் செயலி சூடானால், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நினைவகப் பலகையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் முனையை மெல்லத் துடைத்துப் போட்டோம். கடலோரப் பள்ளிகளில் பருவத்துக்கு ஒருமுறையாவது, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இதைச் செய்வது நல்லது.

பிறகு இருபது பேரையும் உட்காரவைத்து, லினக்சில் உள்ள 'டாப்' என்ற கட்டளையை ஓடவிட்டுத் திரையைப் பெரிதாகக் காட்டினேன். எல்லோரும் குற்றம் சொன்ன செயலி கிட்டத்தட்டச் சும்மா இருந்தது! நினைவகம் நிரம்பி வழிந்தது. வழிந்ததை டிஸ்கில் தற்காலிகமாக எழுதிவைக்கும் 'ஸ்வாப்' பகுதி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. செயலி டிஸ்குக்காகக் காத்துக்கிடக்கும் நேரத்தைக் காட்டும் எண்தான் எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்றது.

டிஸ்குக்குப் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்க் நொடிக்கு 120 சுற்று சுழலும். ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி நொடி. தேடும் தகவல் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடிக்குச் சற்று மேல். முனை நகர இன்னும் 8 மில்லி நொடி என்று வைத்தால் மொத்தம் 12. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் தகவலை நொடிக்கு எண்பது முறைதான் எடுக்க முடியும். நினைவகத்தில் அதே வேலை ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கில், சுமார் 100 நானோ நொடியில், முடிந்துவிடும். ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். பத்தின் அடுக்குகளை நடத்தும் கணக்கு ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சரி, இருபது பேருக்கே 4 ஜிபி ஏன் போதவில்லை? ஒவ்வொரு பிரவுசரும் ஒரே தளத்துக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புகள் வரை திறக்கும். 20 × 6 = 120. எங்கள் அப்பாச்சி அமைப்பில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பணியாள் செயல்முறை. மூடிலை ஓட்டும் ஒரு பணியாளுக்குச் சுமார் 50 எம்பி நினைவகம். 120 × 50 = 6,000 எம்பி. கையில் இருப்பதோ 4,096. அமைப்புக் கோப்பில் 'மேக்ஸ் ரெக்வெஸ்ட் வொர்க்கர்ஸ்' என்ற வரி 150 வரை அனுமதித்திருந்தது. அதை 40 ஆக்குவோம் என்றேன். நாற்பது பணியாளுக்கு 2,000 எம்பி போக, மீதி தரவுத்தளத்துக்கும் இயங்குதளத்துக்கும்.

ஆளைக் குறைத்தால் வேலை எப்படி வேகமாகும் என்று வகுப்பே எதிர்த்தது. நியாயமான கேள்விதான். பதில் உப்பளத்திலிருந்து வந்தது. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 விழுக்காடு. அதன் கொள்ளளவு பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகே உப்பு படியத் தொடங்கும். அதனால்தான் நீரை வற்றவைக்கும் பாத்திகள் பரந்தும், உப்பு விளையும் பாத்திகள் சிறிதாகவும் இருக்கின்றன. பெற்றோர் இருவரும் உப்பளத்தில் வேலை செய்யும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி எழுந்து, 'தண்ணிய நெறைய விட்டா உப்பு நெறைய வராது சார், வெளையறதுக்கு நாள்தான் ஆகும்' என்றாள். வெயில் எவ்வளவோ அவ்வளவுதான் வற்றும். நினைவகம் எவ்வளவோ அத்தனை பணியாளைத்தான் தாங்கும். மிச்சப் பேர் வாசலில் ஒரு கணம் நிற்பது, எல்லோரும் உள்ளே நுழைந்து ஒருவரும் நகர முடியாமல் போவதைவிட மேல்.

வேலை முடிந்த இணைப்பையும் அப்பாச்சி 5 நொடி விடாமல் பிடித்து வைத்திருக்கும். அதை 2 நொடியாகக் குறைத்தோம். இந்த இரண்டு மாற்றத்திலேயே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது 9 நொடிக்கு வந்துவிட்டது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

மீதி 9 நொடியில் பெரும்பங்கு படங்களுக்கு. வடிவியல் வினாக்களுக்கான படங்கள் கைப்பேசியில் எடுத்து அப்படியே ஏற்றப்பட்டவை. ஒவ்வொன்றும் 4 எம்பி. இருபது பேர் ஒரே நேரத்தில் திறந்தால் 80 எம்பி, அதாவது 640 மெகாபிட். எங்கள் ஆய்வக ஸ்விட்ச் நொடிக்கு 100 மெகாபிட் கடத்துவது. 6.4 நொடி அதிலேயே போகிறது. படங்களை 100 கேபிக்குச் சுருக்கினால் அதே கணக்கு 0.16 நொடி. பைட்டுக்கும் பிட்டுக்கும் உள்ள எட்டு மடங்கு வித்தியாசத்தைப் பிள்ளைகள் அன்றோடு மறக்கவில்லை.

தரவுத்தள இண்டெக்ஸ் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு கடந்துபோகும் செய்தி. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது சேர்க்கை எண் வரிசையில் இருக்கிறது. பெயரை மட்டும் சொல்லி மாற்றுச் சான்றிதழ் கேட்டால் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். பெயர்களை அகர வரிசையில் எழுதி, எதிரே சேர்க்கை எண்ணைக் குறித்த ஒரு நோட்டு தனியாக இருந்தால்? ஒரு லட்சம் பதிவுகளைப் பாதி பாதியாக ஒதுக்கித் தேடினால் 17 படிகளில் முடிந்துவிடும். ஏனெனில் 2இன் 17ஆம் அடுக்கு 1,31,072. இண்டெக்ஸ் செய்வது இதைத்தான். ஆனால் ஒவ்வொரு புதிய சேர்க்கைக்கும் அந்த நோட்டிலும் எழுத வேண்டும் அல்லவா? எனவே கண்ட இடத்திலெல்லாம் இண்டெக்ஸ் போடுவதும் தவறு. எந்தக் கேள்விக்கு அதிக நேரம் ஆகிறது என்பதை மைஎஸ்க்யூஎல் தானே குறித்துவைக்கும் வசதி உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

ஒரே விடையைத் திரும்பத் திரும்பத் தயாரிக்காமல் நினைவகத்தில் எடுத்துவைப்பது இன்னொரு வழி. லைவ்ஜர்னல் தளத்தின் சுமையைக் குறைக்க பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003இல் எழுதிய மெம்கேஷ்ட் இதற்குப் பெயர்பெற்றது. வினாத்தாள் எல்லோருக்கும் பொது, எடுத்துவைக்கலாம். ஒரு மாணவரின் மதிப்பெண் பக்கத்தை அப்படி எடுத்துவைத்தால் அது அடுத்தவர் திரையில் போய் நிற்கும் ஆபத்து உண்டு.

இனிக் கூட்டத்தின் கணக்கு. டென்மார்க்கின் எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்துக்காக அழைப்புகளின் வருகையை ஆராய்ந்து 1909இல் கட்டுரை வெளியிட்டார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அங்கிருந்து வளர்ந்தது. அதன் எளிய மாதிரி ஒன்றில், ஒரு கோரிக்கைக்கு ஆகும் சராசரி நேரம் என்பது, நொடிக்கு முடிக்கக்கூடிய எண்ணிக்கையிலிருந்து நொடிக்கு வரும் எண்ணிக்கையைக் கழித்து, 1ஐ அதனால் வகுப்பது. நொடிக்குப் பத்தை முடிக்கும் சர்வருக்கு ஐந்து வந்தால் 0.2 நொடி. எட்டு வந்தால் 0.5. ஒன்பது வந்தால் 1 நொடி. ஒன்பதரை வந்தால் 2 நொடி! கடைசி அரைக் கோரிக்கை காத்திருப்பை இரட்டிப்பாக்குகிறது. மாணவர்கள் இதை வரைபடத் தாளில் வரைந்தால், கோடு கடைசியில் செங்குத்தாக எழுவதைப் பார்ப்பார்கள். தேர்வு முடிவு வெளியாகும் காலையில் நடப்பது அந்தச் செங்குத்துப் பகுதியில்தான்.

இதற்கு நாடறிந்த சான்று ரயில்வேயின் தட்கல் முன்பதிவு. ஐஆர்சிடிசி 2014இல் புதிய அமைப்புக்கு மாறியபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறன் 7,200 ஆக உயர்ந்தது. அதோடு நிற்கவில்லை. 2015 ஜூனில், ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று நேரத்தையே பிரித்தார்கள். முதலாவது இயந்திரத்தை மேம்படுத்துவது. இரண்டாவது கூட்டத்தைப் பிரித்துவிடுவது. பள்ளியில் நமக்கு எளிதாகக் கைக்கு எட்டுவது இரண்டாவதுதான். இருபது பேரும் ஒரே நொடியில் 'தொடங்கு' பொத்தானை அழுத்தாமல், வரிசைக்கு வரிசை அரை நிமிட இடைவெளி விட்டுத் தொடங்கவைக்கிறோம். தேர்வு நேரம் அவரவர் தொடங்கியதிலிருந்து ஓடும்படி மூடிலில் அமைக்கலாம் என்பதால் யாருக்கும் நேரம் குறைவதில்லை.

கணினியே இல்லாத தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இதைச் சத்துணவு வரிசையில் நடத்தலாம். வரிசையில் நிற்போரின் எண்ணிக்கை என்பது, நிமிடத்துக்கு வந்து சேர்வோர், ஒருவர் நிற்கும் நிமிடங்கள் ஆகிய இரண்டின் பெருக்கல். 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி இது. வரிசையில் 60 பேர், நிமிடத்துக்கு 12 பேர் வந்து சேர்ந்து 12 பேர் வாங்கிப் போகிறார்கள் என்றால் ஒரு பிள்ளை நிற்பது 5 நிமிடம். கடிகாரமும் ஒரு தாளும் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் எண்ணினார்கள். தட்டு கழுவும் குழாய் ஒன்றே இருப்பதுதான் தாமதம், பரிமாறுவதில் இல்லை என்று எழுதிக் கொண்டுவந்து தலைமையாசிரியரிடம் கொடுத்தார்கள். இரண்டாவது குழாய் போட்டாயிற்று. இப்போது அந்தத் தாளில் புதிய எண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன.