தண்ணீரை வைத்துப் போட்ட திட்டம்

மலைக்குப் போனால் முதலில் ஏறுவோம், களைத்துப் போனால் திரும்பி இறங்கிவிடலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் இந்தக் கணக்கு தலைகீழ். உடம்பில் தெம்பு இருக்கும்போது இறக்கம், கால் ஓய்ந்த பிறகு ஏற்றம். பள்ளத்தாக்கின் அடியில் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைப்பதும் தப்பு. அக்டோபர் பகலில் தெற்கு விளிம்பில் 18 டிகிரி அடித்தால் கொலராடோ ஆற்றங்கரையில் 29 டிகிரி. கோடையில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

அதே மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கும் ஓர் அக்கா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரோடு தோழிகளும் அவரும் தெற்கு கைபாப் பாதையில் இறங்கினார்கள். ஐந்து கிலோமீட்டர் தாண்டுவதற்குள் முக்கால்வாசி காலி. திரும்பி ஏறும்போது தலைவலி மண்டையைப் பிளந்தது. சட்டையின் முதுகில் வியர்வை காய்ந்து, உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. வழியில் நின்ற தன்னார்வலர் ஒருவர் அவர்களை நிழலில் உட்காரவைத்து, முதலில் உப்பு பிஸ்கட்டும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் கொடுத்தார். வியர்வையில் உப்பு வெளியேறிக்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். அதுவும் உயிருக்கு ஆபத்து. 1996 கோடையில் நேர்ந்த மரணங்களுக்குப் பிறகுதான், ஆபத்து வருமுன்பே நடப்பவர்களை நிறுத்தி விசாரிக்கும் இந்த ஏற்பாட்டைப் பூங்கா தொடங்கியது. மராத்தான் ஓடிய இளம் வயதினர் ஒருவர்கூட இங்கே தண்ணீர் தீர்ந்து இறந்திருக்கிறார்.

மறுமுறை மதுரையிலிருந்து வந்த தம்பியோடு மூன்று நாள் நடை. இரவு தங்குவதற்கு அனுமதிச்சீட்டு கட்டாயம், அதற்குப் பல மாதம் முன்பே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் அக்கா வரைபடத்தை மேசையில் விரித்துத் தூரத்தை அளக்கவில்லை. குழாய் இருக்கும் இடங்களைத்தான் நீலப் பேனாவால் வட்டமிட்டார்.

ஆற்றுக்கு இறங்கும் இரண்டு பாதைகளில் தெற்கு கைபாப் 11 கிலோமீட்டர்தான், ஆனால் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பிரைட் ஏஞ்சல் பாதை 15 கிலோமீட்டர், வழியில் தண்ணீர் உண்டு. காரணம் மண்ணிலேயே இருக்கிறது. பிரைட் ஏஞ்சல், பாறை பிளந்த பிளவை ஒட்டிப் போவதால் ஊற்றும் மரநிழலும் கிடைக்கின்றன. கைபாப் திறந்த முகட்டின் மேல் போகிறது. 1920களில் பிரைட் ஏஞ்சல் பூங்காவின் கையில் இல்லை, சுங்கம் கட்டி நடக்கும் பாதையாக இருந்தது. அதனால்தான் பூங்கா தனக்கென்று கைபாப்பை வெட்டியது.

ஆகவே விடியலில் ஆளுக்கு நான்கு லிட்டரோடு கைபாப்பில் இறக்கம், பிரைட் ஏஞ்சலில் ஏற்றம் என்று முடிவானது. ஏறுவதையும் ஒரே நாளில் முடிக்காமல், நடுவே ஹவாசுபாய் கார்டன்ஸில் இரண்டாம் இரவு. ஹவாசுபாய் பழங்குடி மக்கள் பயிர்செய்து வாழ்ந்த இடம் அது. அவர்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். 2022இல்தான் இடத்துக்கு அவர்கள் பெயர் வந்தது. அங்கே தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, குழாய் உடைந்து கீழே தண்ணீர் நின்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது. 1960களில் போட்ட அலுமினியக் குழாய், அடிக்கடி உடையும். “அப்ப போக முடியாதாக்கா?” என்று தம்பி முகம் வாடினான். அக்கா பையிலிருந்து வடிகட்டியை எடுத்துக் காட்டினார். முகாம்களை ஒட்டி ஓடை ஓடுகிறது, வடிகட்டிக் குடிக்கலாம். குழாயை மட்டும் நம்பியிருந்தால் பயணமே ரத்தாகியிருக்கும்.

சின்ன விஷயங்களும் உண்டு. கால் நகங்களை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிட வேண்டும். அக்கா சொல்லியும் தம்பி கேட்கவில்லை. 1,400 மீட்டருக்கு மேல் இறங்கும்போது ஒவ்வொரு அடியும் பெருவிரலை ஷூவின் முனையில் இடிக்க, சாயங்காலம் நகம் நீலம் பாரித்திருந்தது. கீழே முகாமில் உணவை வைக்க இரும்புப் பெட்டி இருக்கிறது, பற்பசைகூட அதற்குள்தான் போக வேண்டும். காலிப் பையைக் கம்பத்தில் தொங்கவிட்டு ஜிப்பைத் திறந்தே வைப்பது நல்லது. மூடியிருந்தால் அணில் பையையே கடித்துக் கிழித்துவிடும்.

மூன்றாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் கிளம்பினார்கள். விளிம்புக்கு இன்னும் 7 கிலோமீட்டர், 900 மீட்டருக்கு மேல் ஏற்றம். அரைமணிக்கு ஒருமுறை உட்கார்ந்து, உப்புக்கடலையும் மாங்காய் ஊறுகாய் தடவிய சப்பாத்தியும் தின்று, இரண்டு மடக்குத் தண்ணீர். ஒன்பதரை மணிக்கு, கையில் அரை லிட்டர் பாட்டிலோடு இரண்டு இளைஞர்கள் எதிரே துள்ளி இறங்கி வந்தார்கள். அக்கா அவர்களை நிறுத்தி, எதுவரை போகிறீர்கள் என்று கேட்டார். “ஆறு வரைக்கும்” என்றார்கள். பாறை நிழலில் அவர்களை உட்காரவைத்து வரைபடத்தை விரித்தார். கொஞ்ச நேரத்தில் நான்கு பேரும் ஒன்றாக மேலே ஏறத் தொடங்கினார்கள்.