40 கோடி முறை திறந்து மூடும் வேலை

இயந்திர வகைச் செயற்கை இதய வால்வு ஒன்று சந்தைக்கு வர வேண்டுமானால், சோதனைக் கருவியில் பூட்டி 40 கோடி முறை திறந்து மூடவிட்டுப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 5840 தரநிலை கேட்பது அது. நம் இதயம் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி முறை துடிக்கிறது. ஆக, பத்தாண்டு உழைப்பைக் கருவி விரட்டி விரட்டி ஓட்டி, மாதக்கணக்கில் முடிக்கிறது.

அந்தக் கருவிக்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பார். அவ்வப்போது வால்வைக் கழற்றி, நுண்ணோக்கியில் தேய்மானம் பார்த்து, அளவெடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, மறுபடி பூட்டுவார். பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கோ பயோடெக்னாலஜியோ முடித்துவிட்டு வருகிறவர்கள் இந்த நாற்காலியைக் கனவு காண்பதில்லை. கண்டுபிடிப்பாளரின் நாற்காலிக்குத்தான் கூட்டம். ஆனால் இந்தத் துறையில் புதியவருக்குக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். நன்றாகச் செய்தால், எந்தக் கருவி வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று சொல்லும் இடத்துக்கு இதிலிருந்தே போகலாம்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான் அங்கே உள்நாட்டு வால்வு செய்ய இறங்கியபோது, இறக்குமதி வால்வின் விலை நம் நோயாளிகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், அதிலும் சிறு வயதினர். குழு செய்த முதல் மூன்று மாதிரிகளும் கைவிடப்பட்டன. வால்வுக்குள் திறந்து மூடும் தட்டுக்குச் செயற்கை நீலக்கல்லைக்கூட முயன்று பார்த்தார்கள். கடினமான பொருள்தான் நீண்ட நாள் உழைக்கும் என்று யாருக்கும் தோன்றும், ஆனால் நீலக்கல் உடைந்தது. கடைசியில் நிலைத்தது கோபால்ட் கலப்பு உலோகச் சட்டமும் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் தட்டும். அதாவது பிளாஸ்டிக்! மூடும்போது சத்தமும் குறைவு. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டிடிகே நிறுவனம் தயாரிப்பை ஏற்றது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியாகிவிட்டது.

முதல் மூன்று மாதிரிகளும் எங்கே, எப்படித் தோற்றன என்பதை ஒருவர் உட்கார்ந்து பார்த்துப் பதியாவிட்டால் நான்காவதுக்கு வழியே இல்லை. எனவே முதலில் பழக வேண்டியது லேப் நோட்டு. பக்க எண் போட்டது, தாள் கிழிக்க முடியாதது, பேனாவால் எழுதியது. தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை பூசினால் தணிக்கைக்கு வருபவர் அந்தப் பக்கத்தை விடவே மாட்டார். வேதிப்பொருளின் லாட் நம்பர், காலாவதித் தேதி, செல்களை எத்தனை முறை பிரித்து மறுபடி வளர்த்தது என்று சொல்லும் பாசேஜ் எண், எடை பார்த்த தராசின் அடையாள எண் எல்லாம் ஏறட்டும். கல்லூரியில் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே ஆறு மாதம் கழித்து ஒரு முடிவு முரண்டு பிடிக்கும்போது, காப்பாற்றுவது அந்த லாட் நம்பர்தான்.

எதைச் சோதிக்கிறோம் என்பதிலும் அதே கவனம் வேண்டும். ஓர் உதாரணம். உடலைத் தொடும் எந்தக் கருவியும் ஐஎஸ்ஓ 10993 வரிசைச் சோதனைகளுக்குள் வர வேண்டும். அதன் ஐந்தாம் பகுதி செல் நச்சுத்தன்மை பற்றியது. பொருளை 37 டிகிரியில் திரவத்தில் ஊறவைத்து, அந்தச் சாறை எலியின் எல்929 செல்கள்மேல் விட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று பார்ப்பார்கள். பிழைப்பது 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்று பொருள். சோதனை எளிது, சிக்கல் மாதிரியில். இளைஞர்கள் மூலப்பொருளை அனுப்பிவிட்டு ‘பாஸ்’ என்று மகிழ்வார்கள். ஆனால் நோயாளிக்குப் போவது மூலப்பொருள் இல்லை. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசிய எண்ணெய், கழுவிய சோப்பு, ஒட்டிய பசை, கிருமி நீக்கிய எத்திலீன் ஆக்சைடின் மிச்சம் எல்லாம் சேர்ந்த முடிந்த பொருள்தான் போகிறது. சோதனைக்கும் அதே பொருள்தான் போக வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் குழாய் தோற்றால் பிளாஸ்டிக்கைத் திட்டுவதற்கு முன் கழுவும் தொட்டியைப் போய்ப் பாருங்கள்.

கல்லூரி ஆய்வுக்கும் கருவி உருவாக்கத்துக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசமும் இங்கேதான் புரியும். ஆய்விதழ் புதுமையைக் கேட்கும். கருவியோ அதே முடிவு அடுத்த லாட்டிலும் அதற்கடுத்த லாட்டிலும் வருகிறதா என்று கேட்கும். ஒரு திருகை வேறு கடையில் வாங்கினால்கூட, என்ன மாறியது, யார் ஒப்புக்கொண்டார், எதை மறுபடி சோதித்தோம் என்று காகிதம் இருக்க வேண்டும். இது அலுப்பு என்று நினைப்பவர்கள் ஆராய்ச்சிப் பக்கமே இருந்துவிடுவது நல்லது. அதில் இழுக்கொன்றுமில்லை. ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டுவாடகைப் படி தனி. புதிய பொருள்கள், செல்கள், திசுக்கள் என்று போக வேண்டுமானால் பிஎச்டி இல்லாமல் தூரம் போக முடியாது. சரிபார்ப்புச் சோதனை, தரம், உரிம விவகாரம் ஆகியவற்றுக்கு நல்ல பிஇயே போதும். மீதியை வேலை கற்றுத்தரும். விலங்குச் சோதனை உங்கள் மனதுக்கு ஒத்துவருமா என்பதையும் சேருவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். நிறுவன நெறிக்குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. அனுமதி வந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் முடியாது.

சட்டம் கொஞ்சம் தெரிய வேண்டும். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள். நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டு ஒரு முனை, இதய வால்வு மறு முனை. ஏ, பி உற்பத்திக்கு மாநில அதிகாரி உரிமம் தருவார். சி, டிக்கு மத்திய அமைப்பு. சோதனைக்காக நாலைந்து கருவி செய்யக்கூட எம்டி-13 என்ற உரிமம் உண்டு. படிவ எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் கல்லூரிப் புராஜெக்ட் எந்த வகுப்பில் வரும், ஏன் என்று மட்டும் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மின்சுற்று அல்ல, கருவி எதற்கு என்று நீங்கள் எழுதும் ஒரு வரி. நேர்காணலில் இதை விளக்க முடிந்தால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மதுரைக்காரர்களுக்கு அரோலேப் தெரிந்திருக்கும். அரவிந்த் கண் மருத்துவமனைக்காக 1992இல் கண் லென்ஸ் செய்யத் தொடங்கி, இறக்குமதி விலையில் சிறு பங்குக்குக் கொண்டுவந்தார்கள். அதன் வெற்றிக்குக் காரணங்கள் பல. எனக்கு முக்கியமாகப் படுவது, செய்கிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் ஒரே நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருந்ததுதான். லென்ஸைப் பொருத்தும்போது கை எங்கே தடுமாறுகிறது என்று கேட்க, பக்கத்திலேயே டாக்டர் இருந்தார். உங்களுக்கு அந்த வசதி இருக்காது. ஊர் மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவில் அனுமதி கேட்டு, சில நாள் தீவிர சிகிச்சை வார்டில் ஓரமாக நில்லுங்கள். எந்த அலாரத்தைப் பார்க்காமலே அமுக்குகிறார்கள், எந்த ஒயரைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். “சிஸ்டர், இந்த மெஷின்ல எது ரொம்பத் தொந்தரவு?” என்று இரவு ஷிஃப்டில் கேட்டால், புத்தகம் தராத பதில் வரும். ஓட்டை எங்கே என்று அவருக்குத் தெரியும். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சுயவிவரத்தில் ‘பைத்தான், மேட்லேப், செல் கல்ச்சர்’ என்று அடுக்குவதைவிட, தோற்ற ஒரு புராஜெக்டை மூன்று வரியில் எழுதுங்கள்: என்ன தோற்றது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பிறகு எதை மாற்றினீர்கள். நேர்காணல் முடியும்போது கேள்வி இருக்கிறதா என்பார்கள். “கடைசியாக எந்தச் சோதனையில் உங்கள் கருவி தோற்றது, அதை யார் முதலில் பார்த்தார்?” என்று கேளுங்கள். உற்சாகமாகப் பத்து நிமிடம் சொன்னால் நல்ல இடம். எங்கள் கருவி தோற்றதே இல்லை என்றால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வீட்டுக்கு வந்து அடுத்த நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடுங்கள்.