கையேடு எழுதியவர் செய்து பார்த்தாரா?

கம்ப்யூட்டருடன் இணைக்கும் சாதனத்தை வாங்கினால், பெரும்பாலும் கூடவே ஒரு கையேடு வரும். அதில் சொன்னபடி செய்தும் வேலை நடக்கவில்லை என்றால், 'நமக்குத்தான் விவரம் போதவில்லை' என்று நினைத்துக் கொள்கிறோம். தவறு எழுதியவரிடமும் இருக்கலாம். அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பேக்கப் புரோகிராமுக்குக் கையேடு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. புரோகிராமை இயக்கிப் பார்க்காமல், அலுவலகக் குறிப்புகளை வைத்தே எழுதி முடித்தேன். 'யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கை இணைக்கவும். பார்மட் செய்யும்படி விண்டோஸ் கேட்டால், பார்மட் பட்டனில் கிளிக் செய்யவும்' என்பது அதில் ஒரு வரி.

காலியான டிஸ்க் என்றால் இதில் ஆபத்து இல்லை. ஆனால், பைல்கள் நிறைந்த பழைய டிஸ்க்கில் பைல் சிஸ்டம் கெட்டுப் போயிருந்தாலும் இதே செய்தி வரும். லினக்ஸில் பார்மட் செய்த டிஸ்க்கை இணைத்தாலும் வரக்கூடும்.

ஒரு வாடிக்கையாளர், மகளின் திருமணப் படங்கள் இருந்த டிஸ்க்கை இணைத்தார். செய்தி வந்தது. என் வரியை நம்பி கிளிக் செய்துவிட்டார். போனில் அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, நீங்க செஞ்சு பார்த்துட்டுத்தானே எழுதினீங்க?" என்னிடம் பதில் இல்லை.

அவர் செய்தது குவிக் பார்மட். அது பைல்கள் எங்கே உள்ளன என்ற பட்டியலைத்தான் புதிதாக்குகிறது. அதன்பின் டிஸ்க்கில் எதையும் பதிய வேண்டாம் என்றோம். ரெகவரி புரோகிராம் மூலம் பாதிக்கு மேற்பட்ட படங்கள் கிடைத்தன. மற்றவை போனது போனதுதான்.

இப்போது ஒவ்வொரு படியையும் செய்து பார்த்த பிறகே எழுதுகிறேன். அதுவும் போதாது. பழகிய கை சில படிகளைத் தன்னை அறியாமல் தாண்டிவிடும். எனவே, எழுதியதைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் அருகில் உட்கார்ந்து பார்க்கிறேன். அவர் தயங்கும் இடத்தில் ஒரு வரி சேர்க்கிறேன்.

நீங்கள் கையேட்டைப் பிரித்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

1. ஒவ்வொரு படி முடிந்ததும் திரையில் என்ன தோன்றும் என்று சொல்லியிருக்கிறதா?

2. அப்படித் தோன்றாவிட்டால் என்ன செய்வது என்று இருக்கிறதா?

3. பைல்களை அழிக்கும் படிக்கு முன்பே எச்சரிக்கை உள்ளதா?

இவை இல்லையென்றால், எழுதியவர் செய்து பார்த்திருப்பாரா என்று சந்தேகப்படுங்கள். குறிப்பாக 'பார்மட்' என்ற சொல் வந்தால் மவுசிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு தொடரலாம்.